நாலாம் திட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தலைவர் நடித்த கள்ளத்தோணிப் படத்தை முதல் நாளே ராமநாதபுரம் போய்ப் பார்த்தேன். 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வரும் குடும்பத்தின் கதை. நொந்துபோய்த் திரும்பினேன். புயலில் படகு வருவது கிராபிக்ஸ் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு மணல் திட்டில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாம் பாதி முழுக்க விசாரணை, கையெழுத்து. கடைசியில் மண்டபம் அகதி முகாமில் ஒரு குழந்தை பிறக்க, "இது இந்தியக் குழந்தை" என்று தலைவர் சொன்னதும் சுபம். இதற்கா இத்தனை நாள் காத்திருந்தோம்?

வாசகர், தொண்டி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஏமாந்தது நியாயம்தான். ஆனால் நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடம்தான் படத்திலேயே உருப்படி.

புயலை எடுத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் காட்சி பொய். காற்றுப் பார்க்காமல் எந்த ஓட்டியும் ஆள் ஏற்றமாட்டான். வாடை அடித்தால் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுக்கு மன்னார் வளைகுடாப் பக்கம். முன்னதைப் பெண்கடல், பின்னதை ஆண்கடல் என்று நம் ஊரில் பிரித்து வைத்திருந்தாலும் இரண்டுமே மாறி மாறிக் குணம் காட்டும். அலை அடங்கிய, நிலா இல்லாத இரவாகப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். தூரம் சுமார் 30 கி.மீ. அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகுக்கு இது பெரிய ஓட்டமே இல்லை.

சிக்கல் கடைசித் துண்டில்தான். தனுஷ்கோடி முனைக்கு முன்னால் வரிசையாகக் கிடக்கும் மணல் திட்டுகளை நெருங்க நெருங்கத் தண்ணீர் இடுப்பளவு, முழங்காலளவு என்று குறையும். புரொப்பல்லர் மணலில் இடிக்கும். எஞ்சினைச் சாய்த்துத் தூக்கினால் குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் வாயும் மேலே வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சூடேறி நின்றுபோகும். விடிந்தால் ரோந்து வேறு. பிடிபட்டால் படகும் போச்சு, ஓட்டியும் உள்ளே. அதனால் "இதுதான் இந்தியா, இறங்குங்க" என்று திட்டில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். ஒருவகையில் பொய்யும் இல்லை, எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கத் திட்டுதான். ஆனால் அங்கே குடிக்கத் தண்ணீர் கிடையாது, ஒதுங்க நிழல் கிடையாது. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும். நடந்துவிடலாம் என்று இறங்கினால் நடுவில் ஓடுகிற கால்வாயில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். மீனவர்கள் யாராவது பார்த்துத் தகவல் சொல்கிறவரை உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2022 மார்ச் 22 அன்று அந்த வரிசையின் நாலாம் திட்டில் நின்ற ஆறு பேரை, கைக்குழந்தை உட்பட, கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்டில் போய்த்தான் மீட்டது. ஆழம் தேவைப்படாத வண்டி அதுதான். படத்தில் பெரிய கப்பல் திட்டை ஒட்டி வந்து நிற்கிறது!

இரண்டாம் பாதி இழுவை என்கிறீர்கள். எனக்கோ அது போதவில்லை. மரைன் போலீஸ் விசாரணை, பிறகு கியூ பிரிவு என்கிற தமிழகப் போலீஸ் உளவுப் பிரிவு, பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்ததற்கு 1920 பாஸ்போர்ட் சட்டம், 1946 வெளிநாட்டினர் சட்டம். 2022இல் வந்தவர்களை முதலில் ரிமாண்ட்கூடச் செய்தார்கள். இப்போது அந்தச் சட்டங்களின் இடத்தில் 2025ஆம் ஆண்டுக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் இருக்கிறது. இலங்கைத் தமிழரில் அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும். படத்துக் குடும்பம் அதற்குள் வராது. (கள்ளத்தோணி என்பது இங்கிருந்து அங்கே போனவர்களை இலங்கையில் ஏசிய சொல். மண்டபம் முகாமும் அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை நிறுத்திச் சோதிக்கக் கட்டியதுதான்.)

கடைசி வசனத்துக்கு வருகிறேன். மண்டபத்தில் பிறந்துவிட்டதால் மட்டும் இன்று எந்தக் குழந்தையும் இந்தியக் குடிமகன் ஆகிவிடாது. 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதமாக வந்தவர் என்றாலே பிறப்புவழிக் குடியுரிமை இல்லை. ஆதார் இருந்தாலும் அது குடியுரிமைச் சான்று அல்ல. பெற்றோர் யாராக இருந்தாலும் இங்கே பிறந்தால் போதும் என்ற நிலை 1987 ஜூலை 1க்கு முன்பு இருந்தது. ஆக, தலைவரின் வசனம் 35 வருடம் தாமதம்.

அதே மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண் இருக்கிறார். அவருக்குச் சட்டம் சாதகமாகவே இருந்தது. அப்படியும் பாஸ்போர்ட் வாங்க உயர்நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. உத்தரவு வந்தது 2022இல். முதல் ஓட்டுப் போட்டது 2024 மக்களவைத் தேர்தலில், 38 வயதில்.