செல்லுக்கு சவ்வு மட்டும் போதுமா? – டீச்சரைக் கேளுங்க

கேள்வி (ராயபுரத்துல இருந்து ஒரு அம்மா): டீச்சர், என் பையனுக்கு எட்டு வயசு. அடிக்கடி கண்ணு மஞ்சளாவுது. காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சு குடுத்தோம், கேக்கல. இப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு, சிவப்பணு உருண்டையா இருக்கு, ஸ்பீரோசைட்டோசிஸ், பரம்பரையா வர்றதுன்னு சொல்றாங்க. உருண்டையா இருந்தா இன்னா தப்பு டீச்சர்? மண்ணீரல எடுத்துடுவாங்கன்னு சொந்தக்காரங்க வேற பயமுறுத்துறாங்க.

பதில்: பயப்படாதீங்கம்மா, ஆனா கீழாநெல்லிய இன்னிக்கே நிறுத்திடுங்க. கல்லீரல் கெட்டு வர்ற மஞ்சள் இல்ல இது. சிவப்பணு அளவுக்கு மீறி உடையுது, அதுல இருந்து வர்ற மஞ்சள் சாயம்தான் கண்ணுல தெரியுது.

நல்ல சிவப்பணு தட்டையா, ரெண்டு பக்கமும் நடுவுல குழி விழுந்து இருக்கும். அகலம் 7, 8 மைக்ரோமீட்டர். ஆனா அது போக வேண்டிய ரத்தக்குழாய் சில எடத்துல அதவிட குறுகல், மண்ணீரல்ல இருக்கற இடுக்கு அதவிட ரொம்ப ரொம்ப குறுகல், அதுக்குள்ள நசுங்கி நீண்டு வெளிய வந்து திரும்ப பழைய ஷேப்புக்கு வரணும், இத கிட்டத்தட்ட 120 நாள் பண்ணிக்கினே இருக்கணும். இவ்ளோ நசுங்கியும் அது ஏன் கிழியலன்னு யோசிங்க. வெளிய இருக்கற சவ்வுக்கு அந்த பலம் கிடையவே கிடையாது. அது ரெண்டே ரெண்டு அடுக்கு கொழுப்பு மூலக்கூறு, சுமார் 5 நானோமீட்டர் கனம். 1925ல நெதர்லாந்துல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு பேரு சிவப்பணுவுல இருந்து கொழுப்ப பிரிச்சு தண்ணி மேல பரப்பி அளந்து பாத்தாங்க, செல்லோட மேல்பரப்பு மாதிரி ரெண்டு மடங்கு வந்துச்சு, அப்ப ரெண்டு அடுக்குன்னு முடிவு பண்ணாங்க. (அவங்க கணக்குல ரெண்டு தப்பு இருந்துச்சு, ஒண்ண ஒண்ணு சரிக்கட்டிடுச்சு, விடை சரியாவே வந்துடுச்சு!)

பலம் எங்க இருக்குன்னா சவ்வுக்கு அடியில. காசிமேட்டுல வலை பின்றத நீங்க நிச்சயம் பாத்திருப்பீங்க, கண்ணி கண்ணியா, முடிச்சு முடிச்சா. அதே மாதிரி ஸ்பெக்ட்ரின்னு ஒரு நீளமான புரதம் சவ்வோட உள்பக்கம் முழுக்க வலையா படர்ந்திருக்கு, முடிச்சு விழற எடத்துல ஆக்டின்னு இன்னொரு புரதத்தோட குட்டி குட்டி இழை, ஒவ்வொரு முடிச்சுலயும் சுமாரா ஆறு ஸ்பெக்ட்ரின் வந்து சேரும். இந்த வலைய சவ்வோட இழுத்துக் கட்டறதுக்கு ஆங்கிரின்னு இன்னொரு புரதம். வேற செல்லுல இன்னும் பல விதமான இழை இருக்கும், சிவப்பணுவுக்கு முக்கியமா தாங்கறது இது ஒண்ணுதான், இதுல ஓட்ட விழுந்தா ஈடு கட்ட ஆளில்ல.

உங்க பையனுக்கு இந்த புரதத்துல ஏதோ ஒண்ணு பிறவியிலயே குறைவா இருக்கும். கட்டு விட்டுப்போன எடத்துல சவ்வு துணுக்கு துணுக்கா பிச்சிக்கினு போயிடுது. உள்ள இருக்கற சரக்கு பெருசா குறையல, மேல சவ்வு மட்டும் குறையுது. கொஞ்ச சவ்வுக்குள்ள அதே சரக்கு அடங்கணும்னா செல்லு உருண்டையாத்தான் ஆகணும், வேற வழி இல்ல. உருண்டையானது நசுங்காது. மண்ணீரல் இடுக்குல மாட்டிக்கும், அங்கயே அழிஞ்சிடும். உப்பு கம்மியான தண்ணியில சிவப்பணுவ போட்டு எப்ப வெடிக்குதுன்னு ஒரு டெஸ்ட் பண்ணுவாங்க, உருண்ட செல்லு சீக்கிரமே வெடிச்சிடும், தண்ணி உள்ள வந்தா உப்பறதுக்கு எடமே இல்லையே.

மண்ணீரல எல்லாருக்கும் எடுக்கறதில்ல. லேசா இருக்கறவங்க ஃபோலிக் ஆசிட் மாத்திரை, அப்பப்ப செக்கப்புனு நல்லாவே வாழறாங்க. ரொம்ப கடுமையா இருந்தாத்தான் ஆபரேஷன், அதுவும் முடிஞ்ச வரைக்கும் ஆறு வயசு தாண்டி, தடுப்பூசி எல்லாம் போட்ட பிறகு. நீங்க கவனிக்க வேண்டியது: பையன் திடீர்னு வெளுத்துப் போய் சோர்ந்துட்டா, குறிப்பா காய்ச்சலுக்கு அப்புறம், ஒரு நாள் கூட தள்ளிப்போடாம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வலது பக்க வயித்துல வலின்னாலும் சொல்லுங்க, பித்தப்பை கல்லு இவங்களுக்கு சின்ன வயசுலயே வரும். உங்க ரெண்டு பேருக்கும் மத்த பிள்ளைங்களுக்கும் டெஸ்ட் எடுத்துக்கறது நல்லது.

கேள்வி (தண்டையார்பேட்டை, பிளஸ் டூ மாணவர்): மிஸ், செல் சவ்வு திடமா திரவமா? புக்ல ஃப்ளூயிட் மொசைக்னு போட்டிருக்கு, மனப்பாடம் பண்ணிட்டேன், புரியல.

பதில்: தம்பி, மனப்பாடத்த விட்டுட்டு இந்த ஒரு சோதனைய புரிஞ்சுக்கோ. 1970ல ஃப்ரை, எடிடின்னு ரெண்டு பேரு ஒரு எலி செல்லையும் ஒரு மனுஷ செல்லையும் ஒண்ணா இணைச்சாங்க. எலியோட சவ்வுப் புரதத்துக்கு ஒரு கலரு, மனுஷனோடதுக்கு வேற கலரு. மொதல்ல பாதி பாதியா தெரிஞ்சுது. உடம்பு சூட்டுல 40 நிமிஷம் வச்சதும் ரெண்டு கலரும் கலந்துடுச்சு, குளிர்ல வச்சா கலக்கல. அப்ப புரதம் சவ்வுல மிதந்து நகருது, சவ்வு திரவம் மாதிரின்னு தானே அர்த்தம்? அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1972ல, சிங்கரும் நிகல்சனும் அந்த ஃப்ளூயிட் மொசைக் மாடல எழுதினாங்க, அதாவது திரவம் மாதிரி கொழுப்புல புரதம் அங்கங்க பதிஞ்சிருக்குன்னு. கொழுப்பு மூலக்கூறு பக்கவாட்டுல வேகமா ஓடும், ஆனா மேல் அடுக்குல இருந்து கீழ் அடுக்குக்கு தானா குதிக்கறது ரொம்ப அபூர்வம். இன்னொண்ணு, எல்லா புரதமும் இஷ்டத்துக்கு திரியாது, மேல சொன்ன ஆங்கிரின் மாதிரி ஆளுங்க நிறைய புரதத்த அடியில கட்டிப் போட்டிருக்காங்க. இத நிறைய பேரு எழுதறதே இல்ல, நீ எழுது.

கேள்வி (வியாசர்பாடியில இருந்து ஒரு வாசகி): எங்க சித்திக்கு கீமோ போயிட்டிருக்கு. வின்கிறிஸ்டின்னு மருந்து. கால் விரல் மரத்துப் போச்சு, மலச்சிக்கல் வேற. அது நித்யகல்யாணி செடியில இருந்து வர்றதுன்னு சொல்றாங்களே, அப்ப வாசல்ல இருக்கற செடியையே கஷாயம் போட்டுத் தரலாமா?

பதில்: வேணாம்மா, கையெடுத்துக் கேட்டுக்கறேன். செடி அதேதான், ஆனா இலையில இருக்கற மருந்து அவ்ளோ கம்மி, ஒரு கிராம் எடுக்கவே நூத்துக்கணக்கான கிலோ காஞ்ச இலை வேணும், கூடவே வேற விஷமும் இருக்கு. கீமோவோட சேத்துக் குடிச்சா ஆபத்து.

கால் விரல் மரத்துப் போச்சுன்னு சொன்னீங்க, அது ஏன்னு சொல்றேன். செல்லுக்குள்ள மைக்ரோட்யூப்யூல்னு 25 நானோமீட்டர் தடிமன்ல குழாய் குழாயா இழை இருக்கு, செல்லு ரெண்டா பிரியறப்ப குரோமோசோம இழுத்துப் பங்கு போடறது அதுதான். வின்கிறிஸ்டின் அந்த இழைய சேர விடாது, அதனால புற்று செல்லு பிரிய முடியாம நின்னுடும். ஆனா நரம்பு செல்லு பிரியாட்டியும் அதுக்கும் இந்த இழை வேணும். இடுப்புகிட்ட முதுகெலும்பு ஓரமா இருக்கற நரம்பு செல்லு, கால் விரல் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்கு ஒரே இழையா நீளுது, அந்த தூரம் முழுக்க சரக்கு போறது மைக்ரோட்யூப்யூல் மேலதான். கைனெசின்னு ஒரு புரதம் ஒரு தப்படிக்கு 8 நானோமீட்டர்னு நடந்து தூக்கிக்கினு போவுது. பாதை கெட்டா ரொம்ப தூரத்துல இருக்கறவன் மொதல்ல பட்டினி, அதனாலதான் விரல் நுனி. குடல் நரம்புக்கும் அதே கதி, மலச்சிக்கலும் அதே மருந்தாலதான் இருக்கும்.

இத சித்தி தாங்கிக்கினு சும்மா இருக்கக் கூடாது, அடுத்த கீமோவுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும், டோஸ் மாத்துவாங்க. வீட்ல செருப்பு போட்டு நடக்கச் சொல்லுங்க. வெந்நீர் சூட்ட நீங்க கைய விட்டுப் பாத்துட்டுக் குடுங்க, அவங்களுக்கு சூடு தெரியாது. மருந்து முடிஞ்ச பிறகு நிறைய பேருக்கு மெல்ல மெல்ல உணர்வு திரும்புது, மாசக்கணக்குல ஆகும்.

கேள்வி (காசிமேடு): அக்கா, மீனு ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா சதை கொழகொழன்னு ஆயி தண்ணி விடுதே, ஏன்?

பதில்: வீட்டு ஃப்ரீசர் மெதுவா உறைய வைக்கும். மெதுவா உறைஞ்சா ஐஸ் படிகம் பெருசு பெருசா வளரும், அது செல்லு சவ்வ கிழிச்சு, உள்ள இருக்கற இழையையும் நாசம் பண்ணிடும், ஐஸ் உருகினதும் செல்லுல இருந்த தண்ணி கசிஞ்சு தட்டுல வந்து நிக்கும். முழு வஞ்சிரத்த அப்படியே உள்ள தள்ளாம துண்டு போட்டு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம ஒரே வரிசையா கவர்ல பரப்பி வைங்க, சீக்கிரம் உறையும், படிகம் சின்னதா இருக்கும். எடுக்கறப்ப மொத நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு மாத்திடுங்க. ஒரு தடவ உருகினத திரும்ப ஃப்ரீசர்ல வைக்காதீங்க.