கேள்வி–பதில்: திரையில் ஒரு போர், ஏட்டில் ஒரு போர்

வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) பற்றி கென் பர்ன்ஸ் எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு வரலாற்று நூல்களைப் புரட்டினால், வேறு ஏதோ போரைப் படிப்பதுபோல் இருக்கிறதே? — வாசகர், மதுரை

தேதிகளிலும் போர்க்களங்களிலும் பெரிய முரண் இருக்காது. எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். 1990 செப்டம்பரில் பிபிஎஸ் என்ற அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி ஐந்து இரவுகளில் ஒளிபரப்பிய அந்தத் தொடர் ஒன்பது பகுதிகள், 11 மணி நேரம். போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலமோ (1865–77) கடைசிப் பகுதியில் அவசரமாகக் கடந்துபோகிறது. விடுதலையான சுமார் 40 லட்சம் கறுப்பினத்தவர் குடியுரிமையும், ஆண்கள் வாக்குரிமையும் பெற்றதும், பிறகு தெற்கில் அவை படிப்படியாகப் பறிபோனதும் அந்தக் காலத்தின் கதைதான். படம் அதைவிட, கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் இருதரப்பு முன்னாள் வீரர்களும் முதியவர்களாகக் கூடும் பழைய படச்சுருளில்தான் மனதை வைக்கிறது. வரலாற்றாசிரியர்கள் பலருக்கு உறுத்தியது இதுதான்.

இன்னொன்று, படத்துக்குப் பேச்சுக்காரர் வேண்டும். நாவலாசிரியர் ஷெல்பி ஃபூட் அதில் திரும்பத் திரும்ப வருகிறார். கேட்டுக்கொண்டே இருக்கலாம், அப்படிப் பேசுவார். சமரசம் செய்துகொள்ளத் தவறியதால் போர் மூண்டது என்பது அவர் வாதம். அடிமைமுறையை நடுவில் வைத்துப் பேசும் பேராசிரியர் பார்பரா ஃபீல்ட்ஸுக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. ஆய்வாளர் இந்த வழக்கை நாவன்மையால் தீர்க்க மாட்டார். 1861 ஜனவரியில் மிசிசிப்பி மாநிலம் பிரிந்துபோனபோது வெளியிட்ட அறிக்கையை எடுப்பார். அடிமைமுறைதான் காரணம் என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸும் 1861 மார்ச்சில் சவானா நகரில் அதையே முழங்கினார். தோற்றபின் எழுதிய நூலில், மாநில உரிமைக்கான போர் என்று மாற்றிக்கொண்டார். யார் சொன்னார் என்பதோடு எப்போது சொன்னார் என்றும் கேட்பது இதற்காகத்தான்.

அந்தப் படத்தில் வரும், மனைவிக்கு சல்லிவன் பல்லூ என்ற வீரர் எழுதிய கடிதம் கண்ணீர் வரவழைத்தது. உண்மைக் கடிதமா? — வாசகி, தஞ்சாவூர்

1861 ஜூலை 14 தேதியிட்ட கடிதம். பல்லூ, வடக்குத் தரப்பின் ரோட் ஐலண்ட் மாநிலப் படையில் மேஜராக இருந்தவர். அந்த மாதம் 21ஆம் தேதி புல் ரன் போரில் காயமடைந்து ஒரு வாரத்தில் இறந்தார். ஆனால் அவர் கைப்பட எழுதிய மூலம் கிடைக்கவில்லை. இருப்பவை பிரதிகள், அவற்றுக்குள்ளும் பாடபேதம் உண்டு. படத்தில் வாசிப்பது வெட்டிச் சுருக்கிய வடிவம். அச்சில் என்றால் வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைப்போம். குரலில் எங்கே வைப்பது? பின்னணியில் உருகும் வயலின் இசை, 1982இல் ஜே உங்கர் இயற்றியது.

போர்க்காட்சிப் புகைப்படங்களை நம்பலாமா? — வாசகர், கோவை

சண்டை நடந்துகொண்டிருக்கும் காட்சியை நெருக்கத்தில் காட்டும் படம் என்றால் உடனே சந்தேகப்படுங்கள். அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். ஒளிபடவே சில விநாடிகள் பிடிக்கும். ஓடும் ஆள் வெறும் புகைமூட்டமாகத்தான் விழுவான். பிணங்கள்தான் அசையாதவை. அவற்றையும் அசைத்திருக்கிறார்கள். கெட்டிஸ்பர்க்கில் 1863 ஜூலையில் புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த 'கிளர்ச்சிக் குறிசுடுநர்' (மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் தெற்கு வீரர்) படத்தில், கற்களுக்கு நடுவே கிடக்கும் அதே உடல் வேறு படங்களில் சற்றுத் தள்ளி வேறிடத்தில் கிடக்கிறது. பாறைகளையும் உடலையும் படத்துக்குப் படம் ஒப்பிட்டு 1975இல் விளக்கமாக நிறுவியவர் வரலாற்றாய்வாளர் வில்லியம் ஃப்ராசனிடோ. ஏறத்தாழ 40 கஜம் தூக்கிவந்து கிடத்தியிருக்கிறார்கள். சாய்த்து வைத்த துப்பாக்கியும் குறிசுடுநர் வைத்திருக்கும் வகையில்லை.

நீங்களே சோதிக்க: காட்சியை நிறுத்தி, சொல்லப்படும் ஊரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் அந்தப் படத்தைத் தேடுங்கள். எடுத்தவர், இடம், மாதம் பெரும்பாலும் இருக்கும். ஒரு போருக்கு இன்னொரு போரின் படம் ஓடுவதைப் பிடிக்க இது போதும்.

இறந்தவர் 6,20,000 என்கிறார்கள், 7,50,000 என்றும் எழுதுகிறார்கள். எது சரி? — வாசகர், நெல்லை

படம் வந்த காலத்தில் புழக்கத்தில் இருந்தது முதல் எண்தான். அது படத்தின் குற்றமல்ல. தெற்கின் ஆவணங்கள் பெருமளவு அழிந்துபோனதால், வடக்கு வீரர்களைப் போலவே அவர்களும் நோயில் இறந்திருப்பார்கள் என்று அனுமானித்துச் சேர்த்த கணக்கு அது. 2011இல் வரலாற்றாய்வாளர் டேவிட் ஹேக்கர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தார்: 1860–70இல் காணாமல்போன ஆண்களின் விகிதத்தை முன்பின் பத்தாண்டுகளோடு ஒப்பிட்டார். அவர் தந்தது 6,50,000 முதல் 8,50,000 வரையிலான ஒரு வரம்பு. அதன் நடுவெண் 7,50,000. இந்த முறையில் வடக்கு எத்தனை, தெற்கு எத்தனை என்று பிரிக்க முடியாது.