எது நுண்ணறிவு? செயற்கை நுண்ணறிவு குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

செயற்கை நுண்ணறிவு எப்படி இயங்குகிறது, நுண்ணறிவு என்று எதைக் கொள்வது ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு, இப்பாடத்தை நெடுங்காலமாகக் கற்பித்து வரும் ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள் இவை. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி (வணிகவியல் மாணவி): ஐயா, நான் கணினி அறிவியல் படித்தவள் அல்லள். எந்த மென்பொருளை எடுத்தாலும் அதில் செயற்கை நுண்ணறிவு இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயர் எதற்குப் பொருந்தும்?

பதில்: மனிதர் ஒருவர் செய்தால் அதற்கு அறிவு வேண்டும் என்று நாம் ஒப்புக்கொள்கிற வேலையை இயந்திரத்தைக் கொண்டு செய்விக்க முயலும் துறை என்பதே பழைய விளக்கம். 1955இல் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியேல் ரோச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வரும் ஓர் ஆய்வுத் திட்டம் எழுதினார்கள்; அதன்படி 1956ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்த கூட்டத்தையே இத்துறையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். கற்றல் உட்பட நுண்ணறிவின் ஒவ்வொரு கூறையும், இயந்திரம் அதைப்போலவே செய்யும் அளவுக்குத் துல்லியமாக விவரித்துவிட முடியும் என்பது அத்திட்டத்தின் கருதுகோள். அது இன்றுவரை நிறுவப்படவும் இல்லை, பொய்யென்று காட்டப்படவும் இல்லை.

இந்த விளக்கம் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோலத் தோன்றினாலும் நம்முடைய மதிப்பீட்டையே சார்ந்திருக்கிறது. பெரிய எண்களை மனத்துக்குள் பெருக்குவது ஒருகாலத்தில் கூர்மதிக்கு அடையாளம். கணிப்பான் அதைச் செய்யத் தொடங்கியபின் அந்த மதிப்பு போய்விட்டது. இயந்திரம் ஒன்றைச் செய்து காட்டும்தோறும், அறிவு வேண்டும் வேலைகளின் பட்டியலிலிருந்து நாம் ஒன்றை அடித்துவிடுகிறோம். விளம்பரங்களில் வரும் பயன்பாட்டைக் கேட்டால், அங்கே அந்தப் பெயருக்குப் பெரும்பாலும் பொருளே இல்லை என்பேன்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர்): சாதாரண நிரலுக்கும் 'தானாகக் கற்கும்' நிரலுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

பதில்: சாதாரண நிரலில் விதியை மனிதர் எழுதுகிறார். தொடக்ககாலச் செயற்கை நுண்ணறிவும் பெரும்பாலும் இவ்வழியில்தான் சென்றது. ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன், கிளிஃப் ஷா ஆகியோர் 1956இல் உருவாக்கிய 'லாஜிக் தியரிஸ்ட்' என்ற நிரல், 'பிரின்கிபியா மாத்தமாட்டிகா' என்ற தருக்கக் கணித நூலின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ள முதல் 52 தேற்றங்களில் 38ஐ நிறுவிக் காட்டியது. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான 'மைசின்', இரத்தத்தில் பரவும் நோய்த்தொற்றுக்கு எந்தக் கிருமி காரணம், எந்த மருந்து ஏற்றது என்பதைச் சில நூறு விதிகளைக் கொண்டு பரிந்துரைத்தது. ஆனால் ஒரு முகத்தை அடையாளம் காண்பதற்கான விதியை எழுதுங்கள் என்றால், அதை நொடியில் செய்துவிடும் நம்மாலேயே எழுத முடிவதில்லை. நாம் செய்வது எல்லாவற்றையும் நம்மால் சொல்லிவிட முடியாது என்ற இடத்தில்தான் விதி எழுதும் வழி முட்டி நின்றது.

கற்கும் நிரலில் மனிதர் எழுதுவது விதியை அன்று, விதியைத் தேடும் முறையை. இலட்சக்கணக்கான, இன்று பல்லாயிரம் கோடிக்கணக்கான எண்களைக் கொண்ட ஒரு கணக்கீட்டு அமைப்பு இருக்கும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்து, அது தரும் விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அந்த இடைவெளி குறையும் திசையில் ஒவ்வோர் எண்ணையும் மிகச் சிறிதளவு நகர்த்துவார்கள். இதையே எண்ணற்ற முறை திரும்பச் செய்வார்கள். இவ்வகையில் கற்கும் எளிய அமைப்பான ஃபிராங்க் ரோசன்பிளாட்டின் 'பெர்செப்ட்ரான்' 1958லேயே வந்துவிட்டது. மூளையின் நரம்பணுக்களை ஓரளவு பின்பற்றி அமைத்த இத்தகைய கணக்கீட்டு அமைப்புக்கு நரம்பணு வலைப்பின்னல் என்று பெயர்; பல அடுக்குகள் கொண்ட வலைப்பின்னலை இம்முறையில் பயிற்றலாம் என்பதை ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோரின் 1986ஆம் ஆண்டுக் கட்டுரை பரவலாக உணர்த்தியது. 2012இல், படத்தில் இருப்பது என்ன என்று கணினி அடையாளம் காண வேண்டிய இமேஜ்நெட் போட்டியில் அத்தகைய வலைப்பின்னல் ஒன்று 15.3 விழுக்காட்டுப் பிழையுடன் முதலிடம் பெற்றது. இரண்டாமிடத்தின் பிழை 26.2 விழுக்காடு. கருத்து பழையது; புதிதாக வந்து சேர்ந்தவை பெருந்திரளான தரவும் வேகமான கணிப்புச் சில்லுகளும்தாம்.

இதில் ஒரு விலை உண்டு. பயிற்சி முடிந்தபின் எஞ்சுவது எண்களின் குவியல். அதைப் படித்து, 'இந்த விடை இந்தக் காரணத்தால் வந்தது' என்று சொல்வது அதைச் செய்தவருக்கும் எளிதன்று.

கேள்வி (சதுரங்க ஆர்வலர்): உலகச் சாம்பியனையே தோற்கடித்த கணினியை அறிவுடையது என்று ஏன் சொல்லக் கூடாது?

பதில்: 1997 மே மாதத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் 'டீப் ப்ளூ', ஆறு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் கேரி காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. அது நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. காஸ்பரோவ் அதில் கோடியில் ஒரு பங்கைக்கூட ஆராய்ந்திருக்க முடியாது. ஆனாலும் ஈடுகொடுத்தார் என்பதைத்தான் நான் வியப்போடு பார்க்கிறேன். எதை ஆராயாமல் விட்டுவிடலாம் என்று அறிவதில் அவருடைய திறன் இருந்தது. 2016இல் கோ என்ற பலகை ஆட்டத்தில் அதன் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை நான்குக்கு ஒன்று என்று வென்ற 'ஆல்ஃபாகோ' இந்த வகையில் ஒரு படி முன்னேறியது. மனிதர் ஆடிய ஆட்டங்களிலிருந்தும், பிறகு தன்னோடு தானே ஆடியும், எந்த நகர்வு ஆராயத் தக்கது என்பதை அது கற்றிருந்தது.

இவ்விரண்டும் தத்தம் ஆட்டத்துக்கு அப்பால் எதுவும் அறியா. ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988இல் எழுதியது இங்கே பொருந்தும்: அறிவுச் சோதனைகளிலும் பலகை ஆட்டங்களிலும் வளர்ந்தவர் அளவுக்குக் கணினியைக் கொண்டுவருவது ஒப்பளவில் எளிது; பார்ப்பதிலும் நடமாடுவதிலும் ஒரு வயதுக் குழந்தையின் அளவுக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். நமக்குக் கடினமானதே அறிவின் உச்சம் என்று எண்ணுவது நம் பழக்கம். கண்ணும் கையும் செய்யும் வேலைக்குப் பின்னால் பரிணாமத்தின் நெடிய உழைப்பு இருப்பதால் அது நமக்கு எளிதாகத் தெரிகிறது.

கேள்வி (பள்ளி ஆசிரியை): கணிதவியலாளர் ஆலன் டூரிங் இயந்திரத்தின் அறிவுக்கு ஒரு சோதனை வகுத்தார் என்று படித்தேன். இன்றைய உரையாடல் நிரல்கள் அதில் எளிதாகத் தேறிவிடுமே? அத்துடன் விவாதம் முடியவில்லையா?

பதில்: முடியவில்லை, அம்மா. 1950இல் டூரிங் எழுதிய கட்டுரை, 'இயந்திரம் சிந்திக்குமா' என்ற கேள்வி தெளிவற்றது என்று ஒதுக்கிவிட்டு, அதற்குப் பதிலாக ஓர் ஆட்டத்தை முன்வைத்தது: எழுத்து வழியே மட்டும் உரையாடும் நடுவரால், மறுமுனையில் இருப்பது மனிதரா இயந்திரமா என்று பிரித்தறிய முடிகிறதா? உருவத்தையும் குரலையும் விலக்கிவிட்டு, சொல்லப்படுவதை மட்டும் எடைபோட வைத்தது அதன் சிறப்பு. ஆனால் அந்தத் தராசின் ஒரு தட்டில் நடுவரும் இருக்கிறார். 1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட 'எலைசா', பயனர் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் மிக எளிய நிரல். அப்படியிருந்தும் அதனோடு மனம்விட்டுப் பேசியவர்களைக் கண்டு அதைச் செய்தவரே கலக்கமுற்றார். பேச்சு என்றால் பின்னால் ஒரு மனம் இருக்கும் என்று கொள்வது நம் இயல்பு. அந்த இயல்பையும் சேர்த்தே இச்சோதனை அளக்கிறது.

இதற்குப் பழைய எச்சரிக்கை ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்பவரின் 'ஹான்ஸ்' என்ற குதிரை, கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை சொன்னது. மோசடி எதுவும் இல்லை. ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற ஆய்வாளர், கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரையால் பார்க்க முடியாதபோதும் அது தவறுவதை 1907இல் காட்டினார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் உடலில் தன்னையறியாமல் தோன்றும் நுண்ணிய அசைவைக் கண்டு அது தட்டுவதை நிறுத்தியது. குதிரையின் திறன் உண்மையானதே. ஆனால் அது நாம் நினைத்த திறன் அன்று.

இயந்திரக் கற்றலில் இதே சிக்கல் ஓயாமல் வருகிறது. மார்பு எக்ஸ்ரே படங்களில் நிமோனியாவைக் கண்டறியப் பயிற்றப்பட்ட வலைப்பின்னல்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையே அவற்றால் கண்டுபிடிக்க முடிந்தது என்று காட்டியது. நோயின் விகிதம் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபட்டால், இடத்தை அறிவதே விடையில் பாதியாகிவிடும். ஆகவே சரியான விடை வந்ததா என்பதோடு நிற்காமல், விடைக்கு வேறு குறுக்குவழி இருந்ததா, அதை அடைத்தபின்னும் விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இத்துறையில் நான் மாணவர்களுக்கு வற்புறுத்துவது வேறெதையும்விட இதைத்தான்.

கேள்வி (தமிழ் இலக்கிய மாணவர்): தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. இந்த இயந்திரங்களுக்கு எத்தனை அறிவு?

பதில்: நல்ல கேள்வி. தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் பகுதி தரும் வகுப்பு தொடுவுணர்வில் தொடங்கி, சுவை, மோப்பம், பார்வை, செவி என ஏறி, ஆறாவதாக மனத்தில் முடிகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படிகளைத் தன்னுள் கொண்டது. பெருந்திரளான எழுத்தைக் கொண்டு பயிற்றப்பட்டு, எழுதவும் உரையாடவும் செய்யும் நிரல்களான மொழி மாதிரிகள் இந்த வரிசையையே குலைக்கின்றன. புல்லுக்கும் மரத்துக்கும் உரிய தொடுவுணர்வு இல்லாமல், ஆறறிவு உடையாரிடம் மட்டுமே நாம் கண்டிருந்த மொழியை அவை கையாள்கின்றன. எனவே எண் எதுவும் சொல்ல மாட்டேன். ஏணியாக வகுத்ததில் இவற்றுக்குப் படி கிடையாது என்பதே விடை. உயிர்களிலும் ஏணி முழுதும் பொருந்துவதில்லை: நியூ கலிடோனியக் காகம் ஒன்று, நேரான கம்பியைக் கொக்கியாக வளைத்து உணவை மேலே இழுத்ததை ஆய்வாளர்கள் 2002இல் பதிவு செய்தார்கள்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): உரையாடும் மாதிரிகள் தாங்கள் எழுதுவதைப் புரிந்துகொள்கின்றனவா, அல்லது கிளிப்பிள்ளையாகத்தான் பேசுகின்றனவா?

பதில்: 1980இல் தத்துவவியலாளர் ஜான் சேர்ல் ஓர் அறையைக் கற்பனை செய்தார். உள்ளே சீன மொழி அறியாத ஒருவர், வெளியிலிருந்து வரும் சீன எழுத்துகளுக்கு விதிநூலைப் பார்த்து விடை எழுதி அனுப்புகிறார்; வெளியே இருப்பவருக்கு அவர் சீனம் அறிந்தவராகத் தோன்றும். குறிகளைக் கையாள்வது புரிதல் ஆகாது என்பது அவர் வாதம். அந்த மனிதருக்குப் புரியாவிட்டாலும், அவரும் நூலும் அறையும் சேர்ந்த முழு அமைப்புக்குப் புரிகிறது என்பது எதிர்வாதம். இருதரப்பும் இன்றும் இணங்கவில்லை.

நான் புரிதலை ஒரே பொருளாகக் கொள்ளாமல் பகுத்துக் கேட்பேன். மொழி மாதிரி பயிற்றப்படுவது அடுத்து வரும் சொல்துண்டை, அதாவது ஒரு சொல்லையோ அதன் பகுதியையோ, ஊகிப்பதற்கு. ஆனால் நன்றாக ஊகிக்க வேண்டுமானால், பேசப்படும் பொருளின் அமைப்பில் கொஞ்சத்தையாவது உள்வாங்க வேண்டியிருக்கிறது. ஒதெல்லோ என்ற பலகை ஆட்டத்தின் நகர்வு வரிசைகளை மட்டுமே கொடுத்துப் பயிற்றிய ஒரு சிறு மாதிரியை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, பலகையை அதற்கு யாரும் காட்டியிராத நிலையிலும், எந்தக் கட்டத்தில் எந்த நிறக் காய் இருக்கிறது என்பதன் பதிவு அதனுள் உருவாகியிருந்தது. இதைக் கிளிப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. மறுபுறம், நீண்ட கட்டுரை எழுதும் மாதிரி ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணுவதில் சறுக்கியிருக்கிறது. அதற்குக் கிடைப்பவை எழுத்துகள் அல்ல, சொல்துண்டுகளின் எண்கள். அதன் அறிவு நம் அறிவைப்போல ஒரே சீராகப் படர்ந்ததன்று.

கேள்வி (அதே மொழிபெயர்ப்பாளர்): அப்படியானால் மொழி மாதிரி பொய்யை ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறது?

பதில்: உறுதி என்பது நடையின் இயல்பு; உண்மை என்பதோ உலகோடு ஒத்துப்போவது. அடிப்படைப் பயிற்சி பொருத்தமான தொடர்ச்சியைத் தேடுகிறதே அல்லாமல், உலகைச் சரிபார்ப்பதில்லை. பிற்பாடு சேர்க்கப்படும் பயிற்சிகளும் தேடல் வசதிகளும் இந்தக் குறையைத் தணிக்கின்றன, அகற்றிவிடவில்லை.

கேள்வி (உளவியல் மாணவி): மனிதருக்கு உள்ள நுண்ணறிவுச் சோதனையையே இயந்திரத்துக்கும் வைத்துவிட்டால் என்ன?

பதில்: 1905இல் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் ஆகியோர் முதல் சோதனையை உருவாக்கியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை இனங்காண்பதற்கு. ஒரு புதிரை விடுவிக்கும் குழந்தை அதுபோன்ற பிறவற்றையும் விடுவிக்கக்கூடும் என்ற அனுமானம் மனிதரிடம் ஓரளவு செல்லும். அதே புதிர்களும் அவற்றின் விடைகளும் ஏற்கெனவே பயிற்சித் தரவில் கலந்திருக்கக்கூடிய இயந்திரத்திடம் அது செல்லாது. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஃபிரான்சுவா ஷோலே 2019இல் முன்வைத்த வரையறை எனக்கு ஏற்புடையது: கைவந்த திறனின் அளவைப் பார்க்காமல், முன்பின் காணாத வேலையை எவ்வளவு குறைந்த அனுபவத்தில் ஒருவரோ ஒன்றோ கற்றுக்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கென அவர் அமைத்த புதிர்களில், வண்ணக் கட்டங்களாலான சில எடுத்துக்காட்டுகளை மட்டும் பார்த்து விதியை ஊகிக்க வேண்டும். அந்த அளவுகோலில், சிலமுறை பார்த்தே ஒரு புதிய பொருளை அடையாளம் காணும் குழந்தையின் இடம் இன்னும் மேலே இருக்கிறது.

கேள்வி (பெயர் தராதவர்): இயந்திரத்துக்கு உணர்வு வந்துவிடுமா?

பதில்: நுண்ணறிவும் உணர்வும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதைச் சோதிக்கக் குறைபாடுள்ள அளவுகோல்களாவது உண்டு. இரண்டாவதற்கு எல்லாரும் ஒப்பும் அளவுகோலே கிடையாது.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர்): கடைசியாக, நுண்ணறிவு கொண்டது என்று கூறி ஒரு மென்பொருளை எங்களிடம் விற்க வந்தால் என்ன கேட்பது?

பதில்: எந்தத் தரவில் பயிற்றினார்கள், அத்தரவில் சேராத எவற்றைக் கொண்டு சோதித்தார்கள் என்று கேளுங்கள். பிறகு உங்களிடம் மட்டுமே உள்ள, அவர்கள் பார்த்திராத எடுத்துக்காட்டுகளை, எளிதும் கடினமும் கலந்து, விடையை மறைத்துக்கொடுத்து இயக்கச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் செயல்விளக்கத்தை அதற்கு ஈடாக ஏற்க வேண்டாம்.