கறாரான அண்ணா ஊரில் இல்லாத ஞாயிறு

கேள்வி: எங்கள் ஊர்க் குட்டையைச் சுத்தம் செய்ய ஞாயிறுதோறும் கூடுகிறோம். ஆரம்பித்து வைத்த அண்ணா கடும் உழைப்பாளி. ஜேசிபிக்கு வாடகை பேசுவதிலிருந்து டீ சொல்வது வரை எல்லாம் அவரேதான். ஆனால் யாராவது தாமதமாக வந்தால் எல்லார் முன்னாலும் சத்தம் போடுவார். வர வர ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அவர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன வாரம் வேலையே நடக்கவில்லை. இளைஞர்கள் சிலர், "தலைவரே வேண்டாங்க, அவரவருக்குத் தோன்றியதைச் செய்யலாம்" என்கிறார்கள். என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அவிநாசி வட்டாரம்)

பதில்: வேலை நடக்காத அந்த வாரத்தை வைத்து உங்கள் ஆட்களைச் சோம்பேறிகள் என்று எடை போட்டுவிடாதீர்கள். எந்தப் பக்கம் வெட்டுவது, டிப்பர்காரரை யார் கூப்பிடுவது, மண்வெட்டியும் கடப்பாரையும் இருக்கும் அறைச் சாவி யாரிடம், தாலுகா ஆபீஸ் அனுமதிக் கடிதம் எங்கே என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்றால், அவர் ஊரில் இல்லாத அன்றைக்கு மற்றவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்காமல் வேறென்ன செய்வார்கள்?

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்ற மூவர் அமெரிக்காவின் அயோவாவில் சிறுவர் குழுக்களை முகமூடி செய்வது போன்ற கைவேலைகளில் இறக்கி, தலைமை தாங்கியவரை மட்டும் மூன்று விதமாக நடக்கச் சொன்னார்கள். ஆய்வு 1939இல் வெளிவந்தது. அதட்டி வேலை வாங்கிய குழுவில் வேலை குறைவில்லாமல் நடந்தது. ஆனால் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் கை நின்றுவிட்டது. கலந்து பேசி நடத்திய குழுவில் அவர் இல்லாதபோதும் ஏறத்தாழ அதே வேகத்தில் வேலை ஓடியது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அதட்டல் குழுக்களில் சில பையன்கள் தங்களுக்குள் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வறுத்தெடுத்தார்கள். மேலே இருப்பவர் பேசுவது மாதிரியே கீழே இருப்பவர்களும் ஒருவரையொருவர் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் குழுவில் தாமதமாக வருபவரை இப்போது அண்ணா மட்டும்தான் திட்டுகிறாரா, மற்றவர்களுமா? கவனித்துப் பாருங்கள்.

சரி, தலைவரே வேண்டாம் என்கிறார்களே, அதற்கும் அந்த ஆய்விலேயே பதில் இருக்கிறது. மூன்றாவது விதம் அதுதான், எப்படியோ செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடுவது. அங்கே வேலையும் குறைவு, தரமும் குறைவு. கலந்து பேசி நடத்தியவர் ஒதுங்கி நிற்கவில்லை, வழிகளை எடுத்துச் சொன்னார், தேர்வைப் பையன்களிடம் விட்டார். அதனால் அண்ணாவை இறக்குவது என் யோசனை அல்ல. அவர் இல்லையென்றால் இந்தக் குழுவே இல்லை. ராத்திரி மழையில் கரை உடையப் பார்க்கிறது என்றால், ஒருவர் சத்தமாகச் சொல்ல, மற்றவர்கள் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று. இது கூலி வேலை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் குடிமராமத்துக்கு, அதாவது ஊர்க்காரர்களே சேர்ந்து ஏரி குளம் வாய்க்காலைப் பராமரிக்கும் வேலைக்கு, ஆள் வரவைக்க 1858இல் சட்டமே போட்டார்கள். உங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. வருகிறவர் பிரியப்பட்டு வருகிறார், பிரியம் போனால் சண்டை போடமாட்டார். நம் பக்கத்து ஆட்களைப் பற்றித் தெரியாதா, "அடுத்த வாரம் பாக்கலாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அப்புறம் வரவே மாட்டார். அந்தப் "பாக்கலாங்க"வைத்தான் நீங்கள் எண்ண வேண்டும்.

அண்ணாவிடம் தனியாகப் பேசுங்கள், கரையில் வைத்து வேண்டாம். டிப்பர் ஒருவர், கணக்கு ஒருவர், சாப்பாடு ஒருவர் என்று பொறுப்பைப் பிரிக்கச் சொல்லுங்கள். பொறுப்பைக் கொடுத்தால் முடிவையும் அதை ஏற்றவரிடமே விட வேண்டும், தப்பாகச் செய்தாலும் உடனே பிடுங்கக் கூடாது. இது அண்ணாவுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் இன்று எந்தப் பக்கம் என்று எல்லாரையும் கேளுங்கள், கணக்கை வாரம் ஒருமுறை கரையிலேயே படியுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அண்ணா வேண்டுமென்றே வராமல் இருக்கட்டும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் என்று ஆகிவிட்ட பிறகு, இந்த வேலை ஒரு சீசனோடு முடிகிற வேலை இல்லை. ஒருவர் உடம்பை மட்டும் நம்பி எத்தனை வருஷம் ஓட்டுவீர்கள்?

கேள்வி: குளக்கரையில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை வைக்கலாமா? (வாசகி, கோபி)

பதில்: வைக்கலாம், ஆனால் பணம் கொடுத்தவர் பெயர் மட்டும் வேண்டாம். வாடகை வாங்காமல் டிராக்டர் ஓட்டியவர், சீமைக்கருவேல முள்ளில் கை கிழிந்தவர், வாராவாரம் சோறாக்கிப் போட்ட பெண்கள் எல்லார் பெயரும் அதே அளவு எழுத்தில் வரட்டும். இடம் போதவில்லை என்றால் ஊர் பெயரை மட்டும் எழுதுங்கள். எதை எழுதுவது என்பதைத் தலைவர் தனியாக முடிவு செய்யாமல், கூட்டத்தில் கேட்டுவிட்டு பெயின்டரைக் கூப்பிடுங்கள்.