கொழும்பில் மட்டுமே ஓட்டிப் பழகியவர் ஜூலை மழையில் நுவரெலியாவுக்கு மவுண்டன் பைக்கோடு போகலாமா?

போகலாம். மழைக்கோட் எது, டயர் எது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கைவிரல்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு ஆபத்து வந்தது அங்கேதான்.

நான் வெள்ளவத்தைக்காரன். கொழும்பு மழையில் எவ்வளவு நனைந்தாலும் வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டினால் சரி. அதே நினைப்பில் ஒரு ஜூன் மாதம், பருத்திப் பனியனும் விரல் நுனி திறந்த கையுறையுமாக நுவரெலியா போனேன். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை குறையும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். கொழும்பில் 28 பாகை என்றால் அங்கே 16 அளவில்தான் இருக்கும்.

ஏற்றத்தில் அந்த 16 பாகை சுகமாகத்தான் இருந்தது. மிதிக்க மிதிக்க வேர்த்து, வேர்வையும் மழையுமாகப் பனியன் ஊறிவிட்டது. இறக்கம் வந்ததும் கால்களுக்கு வேலை இல்லை, உடம்பில் சூடு பிறக்க வழியில்லை, எதிர்காற்று மட்டும் விடாமல் அடிக்கிறது. ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது லபுக்கலைத் தோட்டத்தருகே விரல்கள் விறைத்துவிட்டன. பிரேக் லீவரில் விரல் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது, ஆனால் இழுக்கப் பலமில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் மண்மேட்டில் சைக்கிளைச் சாய்த்துத்தான் நிறுத்தினேன்.

பக்கத்து லயத்திலிருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டு அடுப்பருகே உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தார். என் பனியனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, பஞ்சுத் துணி நனைஞ்சா உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிரும். நாங்க அந்தக் காலத்துல கம்பளியப் போட்டுக்கிட்டுத்தான் மலைக்குப் போவோம்" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. கம்பளி நூல் சுருள் சுருளானது, நனைந்தாலும் இடையில் காற்றைப் பிடித்து வைக்கும். பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கிடக்கும்.

ஆகவே உள்ளே மெல்லிய கம்பளிப் பனியன் போடுங்கள். விலை கட்டாவிட்டால் பொலியெஸ்டர் விளையாட்டு ஜேர்சியும் போதும். கையுறை இரண்டு சோடி வேண்டும், ஒரு சோடியைச் சொப்பின் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். ஏற்றம் முடிந்த இடத்தில், குளிர் தெரிவதற்கு முன்பே நின்று, உலர்ந்த கையுறையும் காற்றுப் புகாத மேலங்கியும் மாட்டிக்கொள்ளுங்கள். நடுங்கத் தொடங்கிய பிறகு ஜிப்பை இழுக்கவே விரல் வளையாது. காலுறைக்கு மேல் ஒரு சொப்பின் பையைச் சுற்றிச் சப்பாத்துப் போட்டால் பாதத்தில் காற்றுப் படாது. தேயிலை வரிசைக்குள் இறங்குவதாக இருந்தால் அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் தடவிக்கொள்ளலாம்.

சரி, இனி சைக்கிள். டயர் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள நான், டியூப் போட்ட அகல டயரில் 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைப்பேன். அதற்குக் கீழே போனால் கல்லில் இடித்து டியூப் நசுங்கி ஓட்டையாகிவிடும். ஈர வேரைக் குறுக்கே, செங்கோணமாகக் கடக்க வேண்டும். வேரின் மேல் இருக்கும்போது பிரேக்கும் பிடிக்கக்கூடாது, ஹாண்டிலும் திருப்பக்கூடாது. தார் வீதியின் வெள்ளைக் கோடும் அதே அளவுக்கு வழுக்கும்.

டிஸ்க் பிரேக் என்றால், சக்கர நடுவிலுள்ள தட்டை (ரோட்டர்) இறுக்கிப் பிடிக்கும் பேடைக் கழற்றிப் பாருங்கள். சேறும் மணலும் கலந்த தண்ணீர் பிசின் கலந்து செய்த ரெசின் பேடை வேகமாகத் தின்றுவிடும். உலோகத்தூள் கலந்த சின்டர்ட் பேட் மழைக்குத் தாங்கும். ஆனால் ரோட்டரில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருந்தால் அதைப் போடக்கூடாது. சக்கரத்தின் வெளி வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் முதலில் பிடிக்கும்போது ரிம்மில் இருக்கும் தண்ணீர்தான் வழிக்கப்படும், பிடிப்பு பிறகுதான் வரும். இதை வாகனமில்லாத வீதியில் ஒரு மழை நாளில் மெதுவாக ஓட்டிப் பழகிவிட்டுப் போங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதை கூழாகக் கிடந்தால் அதில் ஏற்றாதீர்கள். நாம் கிழித்த தடத்தில் தண்ணீர் ஓடி வாய்க்காலாகிவிடும். மறுநாள் காலை கொழுந்துக் கூடையோடு அதில் கால் வைப்பவர்கள் அங்குள்ள பெண்கள். அப்படியான நாளில் கல் பாவிய தோட்டத்து வீதியே போதும், அதற்கும் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்ததும் சைக்கிளை வாளித் தண்ணீரால் கழுவுங்கள். பீச்சியடிக்கும் குழாய் வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் போகும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் செயினை அன்றிரவே துடைத்து, ஈரக் காலத்துக்கான எண்ணெயைக் கண்ணி கண்ணியாக விடுங்கள். எங்கள் பக்கத்துக் கடற்காற்றில் ஈரச் செயின் விடிவதற்குள் துருப்பிடித்துவிடும்.