சமூகப்பணிப் படிப்பு நம் பக்கம் வர எப்படிக் கேட்பது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் இருக்கிறோம். மகள் பி.ஏ. கடைசி வருடம். எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) படிக்க ஆசைப்படுகிறாள். எங்களுக்கு எட்டும் அரசுக் கல்லூரியில் அது இல்லை. ஊரே சேர்ந்து கேட்டால் கிடைக்குமா?

பதில்: கண்டிப்பாகக் கேளுங்கள். ஆனால் "எங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது பத்தோடு பதினொன்றாகிவிடும். படித்தவர் இல்லாமல் இங்கே எந்த வேலை கெடுகிறது என்று எழுதுங்கள்.

அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமம். பள்ளியை விட்டு நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு. யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லிவிட, விசாரிக்கப் போனோம். வீட்டாரை எச்சரித்துக் கையெழுத்து வாங்க பத்து நிமிஷம் போதும். ஆனால் என்னோடு வந்த சமூகப்பணிப் பயிற்சி மாணவி திண்ணையில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, கன்னடத்தில் பேசிக்கொண்டே அவரைக்காய் உரித்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் விஷயம் வந்தது: பள்ளிக்குப் போன பஸ் நின்றுவிட்டது, காட்டுவழியே தனியாக அனுப்பப் பயம். அப்புறம் விடுதியில் இடம் தேடினோம்; கல்யாணப் பேச்சும் நின்றது.

அப்படி உட்கார எம்.எஸ்.டபிள்யூ. களப்பணியில்தான் பழகுகிறார்கள். பெரும்பாலும் வாரம் இரண்டு நாள் களம். நடந்ததை எழுதிக் காட்டினால், "இந்த இடத்தில் அவரைப் பேச விடாமல் நீ ஏன் பதில் சொன்னாய்?" என்று மேற்பார்வையாளர் கேட்பார்.

வேலை உண்டா என்பார்கள். 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் வேண்டும் என்கிறது, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு. ஓசூரை நினைத்துப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மனநல சமூகப்பணியாளருக்கு முதுகலைச் சமூகப்பணியும் அதற்கு மேல் இரண்டு வருட எம்.ஃபிலும் தேவை. இதையெல்லாம் மனுவில் சேருங்கள்.

முதலில் கல்லூரி முதல்வரைப் பாருங்கள். புதுப் பாடம் கேட்கும் கருத்துரு அங்கிருந்துதான் கல்லூரிக் கல்வித் துறைக்குப் போக வேண்டும். பாடத்துக்கு இணைவு தருவது சேலம் பெரியார் பல்கலைக்கழகம். கிராமசபைத் தீர்மானத்தின் நகலோடு எம்.எல்.ஏ.விடமும், திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடமும் கொடுங்கள். சமூகப்பணி படித்த ஆசிரியர்கள் வேண்டும் என்பதைத் தனியாக எழுதுங்கள். வேறு துறையினரை வைத்து வகுப்பை ஓட்டினால் களப்பணி பெயருக்குத்தான் நடக்கும்.

இதற்கு வருடங்கள் ஆகலாம். மகள் காத்திருக்க வேண்டாம். பொதுவாக எந்தப் பட்டம் இருந்தாலும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். இந்த வருடமே பக்கத்து மாவட்டங்களில் விண்ணப்பிக்கட்டும்.