சொல் விளக்கம்: பாராட்டு

கேள்வி: 'புகழ்ந்தார்', 'பாராட்டினார்' இரண்டும் ஒன்றுதானே? அப்படியானால் 'குறை பாராட்டாதீர்கள்' என்கிறோமே, குறையை யாராவது புகழ்வார்களா?
(வாசகி, திருவாரூர்)

பதில்: மாட்டார்கள். பாராட்டுதலுக்குப் புகழ்தல் என்பது ஒரு பொருள்தான். ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொள்வது, மனத்தில் வைத்து நடப்பது என்பது இன்னொரு பொருள். உறவு பாராட்டுவது, பகை பாராட்டுவது, பேதம் பாராட்டுவது எல்லாம் இந்த வகை. 'பாராட்டிச் சீராட்டி வளர்த்தேன்' என்று ஒரு தாய் சொன்னால், பிள்ளைக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்ததாக அர்த்தமில்லை. கொஞ்சி வளர்த்ததைச் சொல்கிறாள்.

எந்தப் பொருள் என்று அறிய, முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். 'ஐ' உருபு வெளிப்பட்டு நின்றால் பெரும்பாலும் மெச்சுதல்: அவர்களுடைய நட்பைப் பாராட்டினார். உருபில்லாமல் ஒட்டி நின்றால் மற்றது: அவர்களோடு நட்புப் பாராட்டினார். 'குறை பாராட்டாதீர்கள்' இந்த இரண்டாவது வகை. பழைய நூல்களில் இந்த அளவுகோல் செல்லாது. தொல்காப்பியக் களவியலில் வரும் 'பொய்பாராட்டல்', தலைவியின் அழகைத் தலைவன் புனைந்து பேசுவது.

இனி உங்கள் முதல் சந்தேகம். ஒருவரைப் புகழ அவருடைய பெருமை போதும். பாராட்ட அவர் செய்த காரியம் ஒன்று வேண்டும். இறைவனைப் புகழலாம், போற்றலாம். பாராட்டினால் மதிப்பெண் போடுகிற தொனி வந்துவிடும்.

கேள்வி: ஓய்வுபெறும் தலைமையாசிரியைக்கு முன்னாள் மாணவர்கள் மடல் வாசித்தளிக்கிறோம். 'தங்களைப் பாராட்டுகிறோம்' என எழுதலாமா?
(வாசகர், தென்காசி)

பதில்: இலக்கணப் பிழை இல்லை, காதுக்குத்தான் உறுத்தும். பாராட்டு என்பது பெரியவர் சிறியவருக்குச் சொல்வதாகவே நம் பழக்கத்தில் இருக்கிறது. தலைப்பில் 'பாராட்டு மடல்' என்றே இருக்கட்டும். உள்ளே 'நன்றியோடு நினைக்கிறோம்', 'தங்கள் பணி போற்றுதற்குரியது' என்று எழுதுங்கள். ('வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' வேண்டாம், சுவரொட்டிகளில் தேய்ந்துவிட்டது.)

மடல் கெடுவது அடைமொழிகளால். 'ஈடு இணையற்ற, தன்னலமற்ற சேவை' என்று அடுக்கினால், பெயரை மாற்றி அடுத்த ஆண்டு வேறொருவருக்கும் அதையே வாசிக்கலாம். 'பள்ளி விட்ட பிறகும் 6 மணி வரை உட்கார்ந்து பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தந்தீர்கள்' என்று நடந்ததை எழுதுங்கள். இப்படி 3 செயல்கள் போதும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் சபை நெளியத் தொடங்கும்.

கேள்வி: பாராட்டுகளா, பாராட்டுக்களா?
(வாசகர், மணப்பாறை)

பதில்: பாராட்டுகள். 'கள்' விகுதிக்கு முன் ஒற்று வேண்டியதில்லை. வல்லினத்தில் தொடங்கும் தனிச்சொல் வந்தால் மிகும்: பாராட்டுக் கூட்டம், பாராட்டுச் சான்றிதழ், பாராட்டுத் தெரிவித்தார். பாராட்டு விழாவில் மிகாது.